சப்பாத்தியை நிறுத்துவதற்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனை

கேள்வி: எனக்கு 34 வயது. அப்பாவுக்குச் சர்க்கரை வந்ததிலிருந்து, ஒன்றரை வருடமாக எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாடு சப்பாத்திதான். சில மாதங்களாகச் சாப்பிட்டதும் வயிறு உப்புசம், அடிக்கடி வாய்ப்புண், எந்நேரமும் அசதி. ஹீமோகுளோபின் 8.6 இருந்தது. ஐந்து மாதமாக இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டும் 9-ஐத் தாண்டவில்லை. குளூட்டன் பற்றி யூடியூபில் பார்த்துவிட்டு, மூன்று வாரமாகக் கோதுமையை நிறுத்தியிருக்கிறேன். உப்புசம் பாதி குறைந்துவிட்டது. 200 வகை உணவுகளில் எது ஒத்துக்கொள்ளாது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை ஒரு லேப்பில் இருக்கிறதாம். அதை எடுக்கலாமா? என் தங்கைக்குத் தைராய்டு இருக்கிறது. ஏழு வயது மகன் வகுப்பிலேயே குள்ளம். அவனுக்கும் கோதுமையை நிறுத்திவிடலாமா?
— ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் முதலில் சொல்லியிருப்பது உப்புசத்தை. என் கவனம் போனது ஹீமோகுளோபின் மீது. உப்புசத்துக்கு நூறு காரணம் இருக்கலாம். ஐந்து மாதம் மாத்திரை சாப்பிட்டும் ஏறாத ரத்த அளவுக்குக் காரணங்கள் சிலவே. அதைக் கண்டுபிடித்தால் உப்புசத்துக்கும் விடை கிடைக்கலாம்.

இரும்புச்சத்துக் குறைவால் வந்த சோகையில், மாத்திரையை முறையாக எடுத்தால் இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்குள் ஹீமோகுளோபின் ஏறத்தாழ 1 கிராம் ஏற வேண்டும். உங்களுக்கு ஐந்து மாதத்தில் அரை கிராம்கூட ஏறவில்லை. முதலில் எளிய காரணங்களைப் பாருங்கள். மாத்திரையை டீ, காபி, பால், கால்சியம் மாத்திரை இவற்றோடு சேர்த்து எடுத்தீர்களா? இவை இரும்பை உடலில் சேரவிடாது. முன்னும் பின்னும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். மாதவிலக்கு ஏழு நாளைத் தாண்டுகிறதா, கட்டி கட்டியாகப் போகிறதா, ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் மாற்ற வேண்டியிருக்கிறதா? மூலத்தில் ரத்தம் போகிறதா? மூட்டுவலி, தலைவலிக்கு மாத்திரை அடிக்கடி சாப்பிட்டு வயிற்றில் புண் வந்திருக்கிறதா? கொக்கிப்புழுவுக்கு மலப் பரிசோதனை செய்தார்களா? தமிழ்நாட்டில் சோகையோடு வரும் பெண்களில் பலருக்குக் காரணம் இவற்றில் இருக்கும்.

இவை எதுவும் இல்லையென்றால், விழுங்கிய இரும்பு குடலில் உறிஞ்சப்படவில்லையோ என்று சந்தேகிக்க வேண்டும். இரும்பு உறிஞ்சப்படுவது இரைப்பையைத் தாண்டியதும் வரும் முன்சிறுகுடலில். கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தால் குடல் சேதமாகும் சீலியாக் நோய் முதலில் தாக்குவதும், அதிகமாகத் தாக்குவதும் அதே இடத்தைத்தான். அதனால்தான் பலருக்கு வயிற்றுப்போக்கே இல்லாமல், சரியாகாத சோகை மட்டுமே முதல் அறிகுறியாக வருகிறது.

'குளூட்டன் ஒத்துக்கொள்ளவில்லை' என்று பொதுவாகச் சொல்வதற்குள் மூன்று வெவ்வேறு நோய்கள் இருக்கின்றன. மூன்றுக்கும் பரிசோதனை வேறு, கட்டுப்பாடும் வேறு.

முதலாவது கோதுமை அலர்ஜி. சாப்பிட்ட சில நிமிடத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தோல் தடித்துச் சிவக்கும், உதடு வீங்கும், வாந்தி வரும், சிலருக்கு மூச்சுத் திணறும். சிலருக்குக் கோதுமை சாப்பிட்டுவிட்டு ஓடினாலோ கடுமையாக உழைத்தாலோ மட்டும் வரும். இப்படி ஒருமுறை வந்திருந்தாலும் வீட்டில் எந்தச் சோதனையும் செய்து பார்க்கக் கூடாது, நேரே அலர்ஜி மருத்துவரிடம் போக வேண்டும். நீங்கள் எழுதியிருப்பதில் இதன் சாயல் இல்லை.

இரண்டாவது சீலியாக் நோய். கோதுமை, பார்லி, ரை ஆகிய மூன்று தானியங்களில் இருக்கும் குளூட்டன் என்ற புரதத்தைக் கண்டு, உடலின் எதிர்ப்புச் சக்தி தன் சொந்தக் குடலையே தாக்கும் நோய் இது. சிறுகுடலின் உட்சுவரில் துருக்கித் துண்டின் நூல்கண்ணிகள்போல நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து சமமாகிவிடும். உறிஞ்சும் பரப்பு குறைந்ததும் இரும்பு, ஃபோலிக் அமிலம், கால்சியம், வைட்டமின் டி எல்லாம் குறையும். ஆகவே இதன் அறிகுறிகள் வயிற்றோடு நிற்பதில்லை. திரும்பத் திரும்ப வரும் வாய்ப்புண், காரணம் தெரியாத அசதி, சிறு வயதிலேயே எலும்புத் தேய்மானம், மஞ்சள் காமாலை இல்லாமலே கல்லீரல் என்சைம்கள் சற்று ஏறியிருப்பது, திரும்பத் திரும்பக் கருச்சிதைவு, கைகால் மரத்துப்போவது, நிரந்தரப் பற்களின் மேல்பூச்சில் குழிகளும் கோடுகளும், இவையெல்லாம் இதில் வரலாம். முழங்கை, முழங்கால், பிட்டம் ஆகிய இடங்களில் இரு பக்கமும் ஒரேபோல் சிறு கொப்புளங்கள் வந்து தாங்க முடியாமல் அரித்தால், அதுவும் இதன் தோல் வடிவமாக இருக்கலாம். சொறிந்ததும் கொப்புளம் உடைந்துவிடுவதால் மருத்துவர் கண்ணில் படுவது கீறல் மட்டுமே. சிரங்கு என்று மாதக்கணக்கில் களிம்பு போட்டுக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

இந்த நோய்க்காரர்கள் எலும்பும் தோலுமாக இருப்பார்கள் என்ற எண்ணம் பழையது. பருமனானவர்களுக்கும் வருகிறது, மலச்சிக்கலோடும் வருகிறது. சாப்பிட்ட உடனே தொந்தரவு வர வேண்டும் என்பதும் இல்லை. சேதம் மெதுவாக நடப்பதால், இன்றைய அசதியை நேற்றைய சப்பாத்தியோடு யாரும் முடிச்சுப் போட மாட்டார்கள்.

மூன்றாவது, சீலியாக்கும் அலர்ஜியும் இல்லாமலே கோதுமை சாப்பிட்டால் உப்புசம், வயிற்றுவலி, தலைபாரம் என்று வருவது. இதில் குடல் சேதமாவதில்லை, ரத்த அளவும் குறைவதில்லை. இதைக் காட்டும் ரத்தப் பரிசோதனையும் இதுவரை இல்லை. மற்ற இரண்டும் இல்லை என்று உறுதி செய்த பிறகுதான் இந்தப் பெயரை வைக்கவே முடியும்.

உங்கள் உப்புசம் மூன்றாவது வகையாக இருக்கலாம். சோகை அந்த வகையில் அடங்காது. வாய்ப்புண்ணும், தங்கையின் தைராய்டும் (அது எதிர்ப்புச் சக்தியால் வரும் வகையாக இருந்தால்) சீலியாக் பக்கம் கொஞ்சம் கனம் சேர்க்கின்றன. அதே சமயம் இன்னொரு உண்மையையும் சொல்ல வேண்டும்: நம் பக்கத்தில் இந்த நோய் குறைவு. இந்தியாவின் மூன்று பகுதிகளில் 23,000-க்கு மேற்பட்ட பெரியவர்களைச் சோதித்து 2016-ல் வெளியான ஆய்வில், சீலியாக்கைக் காட்டும் ஆன்டிபாடி (எதிர்ப்புச் சக்தி உருவாக்கும் புரதம்) வட இந்தியாவில் 1.23 சதவீதம் பேருக்கு இருந்தது, தெற்கே 0.10 சதவீதம் பேருக்கு. நோய்க்கு வழிவிடும் மரபணு இரு பக்கமும் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இருக்கிறது. வேறுபட்டது தட்டில் இருந்த கோதுமை: வடக்கே சராசரியாக நாளொன்றுக்கு 455 கிராம், தெற்கே 25 கிராம். கோதுமை நம் அன்றாட உணவாகி வருவதால், 'நம் ஊரில் இது வராது' என்று தள்ளிவிடுவது இனிச் சரிப்படாது. சோதித்துப் பார்க்கக் காரணம் உங்களிடம் போதுமான அளவு இருக்கிறது.

எந்தச் சோதனை? மருத்துவர் சீட்டில் இரண்டு பெயர் இருக்க வேண்டும்: 'டிடிஜி ஐஜிஏ' ஒன்று, 'மொத்த ஐஜிஏ' மற்றொன்று. முதலாவது, சீலியாக்கில் உருவாகும் ஆன்டிபாடியை அளக்கிறது. இரண்டாவதைப் பல இடங்களில் விட்டுவிடுகிறார்கள். சீலியாக் உள்ளவர்களில் 100-க்கு இரண்டு மூன்று பேருக்குப் பிறவியிலேயே ஐஜிஏ என்ற புரதம் இருக்காது. அவர்களுக்கு டிடிஜி ஐஜிஏ எத்தனை முறை பார்த்தாலும் 'இல்லை' என்றே வரும். மொத்த ஐஜிஏ குறைவாக வந்தால், ஐஜிஜி என்ற வேறு வகை ஆன்டிபாடியை அளக்கும் சோதனைக்கு மாற வேண்டும். இவற்றோடு ஃபெரிட்டின் (உடலில் உள்ள இரும்புச் சேமிப்பு), பி12, ஃபோலிக் அமிலம், வைட்டமின் டி, டிஎஸ்ஹெச் (தைராய்டு சோதனை) ஆகியவற்றையும் பார்த்துவிடுங்கள்.

நீங்கள் கேட்ட 200 உணவுச் சோதனை வேண்டாம். அது ஒவ்வோர் உணவுக்கும் எதிரான ஐஜிஜி ஆன்டிபாடியை அளக்கிறது. ஒரு உணவை அடிக்கடி சாப்பிடுகிறவர்கள் எல்லோருக்கும் அது உருவாவது இயல்பு. அரிசி, பால், முட்டை என்று நீங்கள் தினமும் சாப்பிடுவதெல்லாம் சிவப்புக் குறியோடு வரும். அமெரிக்க, ஐரோப்பிய அலர்ஜி மருத்துவச் சங்கங்கள் இதை நோயறியப் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்லியிருக்கின்றன. அந்தத் தாளை நம்பிப் பாலையும் பருப்பையும் நிறுத்தினால் உங்கள் சோகை இன்னும் மோசமாகும்.

இப்போது சிக்கலான இடத்துக்கு வருகிறேன். மூன்று வாரமாகக் கோதுமையை நிறுத்திவிட்டீர்கள். குளூட்டன் உள்ளே போகாவிட்டால் ஆன்டிபாடி குறைய ஆரம்பிக்கும், குடலும் ஆற ஆரம்பிக்கும். நோய் இருந்தும் பரிசோதனை 'இல்லை' என்று காட்டும் ஆபத்து அங்கேதான். மூன்று வாரம் என்பதால் இன்னும் காலம் கடந்துவிடவில்லை. ஆன்டிபாடி இறங்கப் பல மாதம் ஆகும். எனவே இந்த வாரமே ரத்தம் கொடுங்கள். அளவு தெளிவாக உயர்ந்து வந்தால் அதை நம்பலாம், உடனே குடல் மருத்துவரிடம் போங்கள். 'இல்லை' என்று வந்தால் அதை நம்ப வேண்டாம். திரும்பக் கோதுமை சாப்பிட்டுவிட்டு மறுபடி பார்க்க வேண்டும்.

அப்படிச் சாப்பிடும்போது அளவு முக்கியம். 30 கிராம் கோதுமை மாவில் செய்த ஒரு சப்பாத்தியில் ஏறத்தாழ 3 கிராம் குளூட்டன் இருக்கும். தினமும் இரண்டு சப்பாத்தி, ஒன்று காலையிலும் ஒன்று இரவிலுமாக, ஆறிலிருந்து எட்டு வாரம் சாப்பிட்டுவிட்டு ரத்தம் கொடுங்கள். தொந்தரவு தாங்க முடியவில்லை என்றால் குறைந்தது இரண்டு வாரம் தாக்குப்பிடித்துவிட்டு, மருத்துவரிடம் சொல்லிச் சோதனையை முன்கூட்டியே எடுக்கலாம். வாரத்தில் ஒரு நாள் மட்டும் பரோட்டா சாப்பிட்டுவிட்டுச் சோதனைக்குப் போவது கணக்கில் சேராது. கோதுமையைத் தொடவே முடியாதவர்களுக்கு மரபணுச் சோதனை ஒன்று உண்டு. நோய்க்கு வழிவிடும் டிக்யூ2, டிக்யூ8 என்ற மரபணு வகைகள் இரண்டும் இல்லை என்று வந்தால் சீலியாக்கை ஏறக்குறைய முழுமையாக ஒதுக்கிவிடலாம். இருக்கிறது என்று வந்தால் அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது, மூன்றில் ஒருவருக்கு அது இருக்கிறதே.

டிடிஜி உயர்ந்திருந்தால், பெரியவர்களுக்கு எண்டோஸ்கோபி மூலம் முன்சிறுகுடலிலிருந்து சதைத்துணுக்கு எடுத்துப் பார்க்க வேண்டும். சேதம் திட்டுத்திட்டாக இருப்பதால் ஒன்றிரண்டு துணுக்கு போதாது. முன்சிறுகுடலின் தொடக்கத்தில் ஒன்றிரண்டும், அதற்குக் கீழே நான்கும் எடுப்பது முறை. செய்யும் மருத்துவரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அதுவரை கோதுமையை நிறுத்தக் கூடாது. தமிழ்நாட்டில் இதில் இன்னொரு எச்சரிக்கை தேவை. குடலுறிஞ்சிகள் தேய்ந்திருந்தாலே சீலியாக் என்று எழுதிவிட முடியாது. டிராப்பிக்கல் ஸ்ப்ரூ என்ற நோய் தென்னிந்தியாவில் நீண்டகாலமாகவே தெரிந்த ஒன்று. வேலூரில் அதைப் பற்றிப் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார்கள். ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணியும் உறிஞ்சிகளைச் சேதப்படுத்தும். இவை ஆன்டிபயாட்டிக், ஃபோலிக் அமிலம், ஒட்டுண்ணி மருந்து இவற்றால் குணமாகிறவை. அப்படிப்பட்டவரை வாழ்நாள் முழுக்கக் கோதுமையிலிருந்து விலக்கிவைப்பது பெரிய அநியாயம். அதனால் ரத்தப் பரிசோதனை, சதைப் பரிசோதனை இரண்டும் ஒத்துப்போக வேண்டும்.

சரியான அளவு கோதுமை சாப்பிட்டும் எல்லாம் 'இல்லை' என்று வந்தால் சோகைக்கு வேறு காரணம் தேட வேண்டும். அது உப்புசத்திலிருந்து தனி வழக்கு. உப்புசத்துக்கு அப்போது நான் முதலில் சந்தேகிப்பது குளூட்டனை அல்ல, ஃபிரக்டான் என்ற மாவுச்சத்தை. இது கோதுமையில் இருக்கிறது, வெங்காயத்திலும் பூண்டிலும் இருக்கிறது. சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய், அங்கே பாக்டீரியாவால் புளித்து வாயுவாகிறது. தங்களுக்குக் குளூட்டன் ஆகாது என்று நம்பிய 59 பேரை வைத்து நார்வேயில் நடத்தி 2018-ல் வெளியிட்ட ஆய்வில், எதைச் சாப்பிடுகிறோம் என்று தெரியாமல் கொடுத்துப் பார்த்தபோது, உப்புசத்தைக் கூட்டியது ஃபிரக்டான்தான்.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். நான்கு வாரம் கோதுமையை நிறுத்தி, தினமும் இரவு உப்புசத்துக்குப் பூஜ்யத்திலிருந்து பத்து வரை மதிப்பெண் போட்டு எழுதிவையுங்கள். மதிப்பெண் குறைந்த பிறகு, கோதுமை இல்லாமலே ஒரு நாள் மதியம் சின்ன வெங்காயச் சாம்பாரும் பூண்டுக் குழம்பும் தாராளமாகச் சாப்பிடுங்கள். நான்கிலிருந்து எட்டு மணி நேரத்தில் வயிறு ஊதினால் உங்கள் எதிரி பெரும்பாலும் ஃபிரக்டான். துவரம் பருப்பிலும் அதுபோன்ற ஒரு சர்க்கரை இருப்பதால் சாம்பாரைப் பருப்பு குறைத்துச் செய்தால் விடை தெளிவாக இருக்கும். குளூட்டனையே தனியாகச் சோதிக்க விரும்பினால் கடையில் கிடைக்கும் குளூட்டன் பவுடர் உதவும். மாவைப் பிசைந்து தண்ணீரில் கழுவிப் பிரிப்பதால் அதில் ஃபிரக்டான் பெரும்பாலும் போய்விட்டிருக்கும். வீட்டில் ஒருவர் உங்களுக்குச் சொல்லாமல், ஒரு வாரம் தினமும் 10 கிராமை அடை மாவில் கலந்து தரட்டும். ஒரு வாரம் இடைவெளி விட்டு, அடுத்த வாரம் கலக்காத அடை தரட்டும். எந்த வாரம் எது என்பதை மதிப்பெண் போட்டு முடித்த பிறகே கேளுங்கள். தெரிந்து சாப்பிட்டால் பயமே வயிற்றை உப்பவைக்கும்.

சீலியாக் என்று உறுதியானால் நிலைமை வேறு. குறைப்பது போதாது, முழுக்க நிறுத்த வேண்டும். நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் குளூட்டன் மூன்று மாதம் போனாலே குடல் சேதமாவதாக ஆய்வு காட்டியிருக்கிறது. ஒரு சப்பாத்தியை அறுபது துண்டாக்கினால் ஒரு துண்டு அந்த அளவு. நல்லவேளையாக நம் சமையலில் பெரும்பகுதி கோதுமை இல்லாதது: இட்லி, தோசை, இடியாப்பம், பொங்கல், கேழ்வரகுக் களி, கம்பங்கூழ். அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளம், தினை, சாமை, வரகு, குதிரைவாலி எதிலும் குளூட்டன் இல்லை. தனியாக விற்கும் குளூட்டன் இல்லாத பிஸ்கட்டுகளும் பிரெட்டும் விலை அதிகம், சத்து குறைவு. உங்களுக்கு அவை தேவையே இல்லை.

தவறு நடப்பது மறைவான இடங்களில். ரவை, சேமியா, மைதா கோதுமை என்பது தெரிந்ததே. சம்பா கோதுமையும் கோதுமைதான். பழைய ரகம் என்பதால் ஒன்றும் செய்யாது என்று சொல்வதை நம்ப வேண்டாம். கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். சாம்பார் பொடி, ஊறுகாய், அப்பளம் வழியாக அது உள்ளே வரும். அரிசி மாவு கலந்த பெருங்காயம் கிடைக்கிறது, பாக்கெட்டைப் படித்து வாங்குங்கள். ராகி சேமியா என்று விற்பதில் பலவற்றில் பாதிக்கு மேல் கோதுமை இருக்கும். பார்லி மால்ட் சேர்ந்த சத்துப் பானங்களும், சாதாரண சோயா சாஸும் ஆகாது. ஓட்ஸ் பெரும்பாலும் கோதுமையோடு சேர்ந்தே அரைக்கப்படுவதால் முதலாண்டு தவிர்ப்பது நல்லது. குளூட்டன் இல்லாதது என்று அச்சிட இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் வரம்பு கிலோவுக்கு 20 மில்லிகிராம். அந்த அறிவிப்பு உள்ளதைத் தேர்ந்தெடுங்கள்.

மாவு மில்லில் கோதுமை அரைத்த கையோடு உங்கள் கேழ்வரகைப் போட்டால் முதல் சில கிலோவில் கோதுமை வந்துவிடும். அரிசி அரைத்து முடித்த பிறகு கொடுங்கள், இல்லையென்றால் வீட்டு மிக்ஸியில் அரையுங்கள். சிறுதானியத்தை அரைக்கும் முன் பொறுக்கிக் கழுவுங்கள், கோதுமை மணிகள் கிடக்கும். அப்பாவுக்குச் சப்பாத்தி தொடர்ந்தால் கல், பலகை, உருட்டுக்கட்டை, சல்லடை எல்லாம் தனி. ஓட்டலில் ரவா தோசை ஊற்றிய கல்லில் வார்த்த சாதா தோசையும், சமோசா பொரித்த எண்ணெயில் போட்ட வடையும் பாதுகாப்பானவை அல்ல. இட்லி, இடியாப்பம் பரவாயில்லை, சாம்பாரின் பெருங்காயத்தை விசாரித்துக்கொள்ளுங்கள்.

கட்டுப்பாடாக இருந்தால் உப்புசமும் அசதியும் சில வாரங்களில் குறையும். டிடிஜி இறங்க ஆறு மாதத்திலிருந்து ஓர் ஆண்டுக்கு மேலும் ஆகலாம். குடல் முழுக்க ஆறப் பெரியவர்களுக்கு இரண்டு ஆண்டுகூடப் பிடிக்கும். ஆறாவது மாதமும் பன்னிரண்டாவது மாதமும் டிடிஜியைத் திரும்பப் பாருங்கள். இறங்காவிட்டால் பெரும்பாலும் எங்கோ ஓர் இடத்தில் கோதுமை உள்ளே வந்துகொண்டிருக்கிறது.

அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு சப்பாத்தியிலும் 150 கிராம் சோற்றிலும் மாவுச்சத்து ஏறத்தாழ ஒன்றுதான், 42 கிராம் அளவில். சர்க்கரைக்காக வீடே சப்பாத்திக்கு மாற வேண்டிய கட்டாயம் இல்லை. அளவைக் குறைத்து, காய் கூட்டிச் சாப்பிட்டால் சோறும் சரியே.

மகனுக்கு இப்போதைக்குக் கோதுமையை நிறுத்தாதீர்கள். அவனுக்கும் சோதனை தேவைப்பட்டால் அதே சிக்கல் வரும். முதலில் குழந்தை மருத்துவரிடம் அவன் உயரத்தை வளர்ச்சி வரைபடத்தில் குறிக்கச் சொல்லுங்கள். பள்ளி உடல்நலப் பதிவில் பழைய உயரங்கள் இருந்தால் கொண்டுபோங்கள். இந்த வயதில் ஆண்டுக்கு 5 முதல் 6 சென்டிமீட்டர் வளர வேண்டும். நீங்களும் கணவரும் குள்ளமாக இருந்து, அவன் தன் கோட்டிலேயே சீராக வளர்ந்துகொண்டிருந்தால் கவலை இல்லை. கோட்டிலிருந்து கீழே இறங்கிக்கொண்டிருந்தாலோ, சோகையோ நாட்பட்ட வயிற்றுப்போக்கோ பல்லில் குழிகளோ இருந்தாலோ, அவனுக்கும் டிடிஜி ஐஜிஏ, மொத்த ஐஜிஏ இரண்டும் பார்க்க வேண்டும். உங்களுக்குச் சீலியாக் உறுதியானால் அறிகுறி இல்லாவிட்டாலும் அவனுக்கும், தங்கைக்கும், பெற்றோருக்கும் பார்ப்பது அவசியம். நெருங்கிய ரத்த உறவில் பத்தில் ஒருவர் வரை இது இருக்கக்கூடும்.

எடை தானாகக் குறைவது, மலத்தில் ரத்தம் அல்லது கறுத்த மலம், இரவில் தூக்கத்தை எழுப்பும் வயிற்றுப்போக்கு, விடாத காய்ச்சல், நடந்தாலே மூச்சிரைப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் மேலே சொன்ன வாரக்கணக்கையெல்லாம் ஒதுக்கிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். இல்லையென்றால், இந்த வாரம் வெறும் வயிற்றில்கூட இருக்கத் தேவையில்லாத அந்த ரத்தப் பரிசோதனையைக் கொடுத்துவிட்டு, இரும்பு மாத்திரையை டீயிலிருந்து தள்ளிவைத்துத் தொடருங்கள்.